அம்மி எந்தப் பக்கம் நகரும்?



"அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று நாம் எல்லோருமே கட்டுரையில் எழுதியிருக்கிறோம். நானும் அதை நம்பித்தான் போன வருஷம் முழுக்க தினமும் நூறு சர்வீஸ் அடித்தேன். ஆனால் சோனல் வாலிபால் மேட்ச்சில் என்ன நடந்தது? முதல் சர்வீஸ் வலையில். இரண்டாவது கோட்டுக்கு வெளியே. மூன்றாவதும் வலையில். "நூறு அடிச்சவளுக்கு மூணு போடத் தெரியலையா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னும் அதிகமாகப் பழகலாம் என்றால் நேரம் கிடையாது. அம்மா விடியக்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதற்குள் நான் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து வைக்க வேண்டும். ஸ்கூல் விட்டதும் கிரவுண்டில் நிற்க எனக்கு அரை மணி நேரம்தான்.

மே லீவுக்குப் பெங்களூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு டிரைவிங் ரேஞ்சில் வேலை. கார் ஓட்டிப் பழகும் இடம் என்றுதான் நான் நினைத்தேன்! போய்ப் பார்த்தால் அது கோல்ஃப் பந்து அடித்துப் பழகும் திடல். பக்கெட் நிறைய பந்து வாங்கி, வரிசையாக நின்று அடிக்கிறார்கள். எதிரே 100 கஜம், 150 கஜம், 200 கஜம் என்று பலகைகள். சிதறிக் கிடக்கும் பந்துகளை வண்டி ஓட்டி அள்ளி வருவது மாமாவின் வேலை.

ஒரு அண்ணன் வந்தார். இருப்பதிலேயே நீளமான 'டிரைவர்' மட்டையை எடுத்தார். பட், பட், பட்! அரை மணியில் பக்கெட் காலி. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பந்துகள் நாலா பக்கமும் கிடந்தன.

பக்கத்தில் என் வயசுப் பெண் ஒருத்தி. நேராக நிற்கிறோமா என்று பார்க்கத் தரையில் ஒரு குச்சியைப் போட்டுக்கொண்டாள். சின்ன மட்டையில் மெதுவாக ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் பந்துக்குப் பின்னால் போய் நின்று, ஒரு பலகையைக் குறி பார்த்து, அப்புறம் வந்து அடித்தாள். அடுத்த பந்துக்கு வேறு மட்டை, வேறு பலகை. அதே அரை மணியில் முப்பது பந்துகூட இருக்காது.

"அந்த அண்ணன்தானே மாமா நல்லா பழகுறாரு?" என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

"இல்ல தாயி. அவரு உடம்பைத்தான் அலுப்பாக்குறாரு. மேட்ச்சுல ஒரே இடத்துல நின்னு, ஒரே மட்டையில அம்பது பந்து அடிக்க யாரு விடுவா? ஒரு அடி, அப்புறம் நடை. அடுத்த பந்து வேற இடம், வேற தூரம். அங்க ஒவ்வொண்ணும் முதப் பந்துதான்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த அண்ணன் வேறு யாருமில்லை, நான்தான்!

லீவு முடிந்து வந்து பி.இ.டி. சாரிடம் சொன்னேன். 1979-ல் ஷே, மார்கன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்ததாக சார் சொன்னார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பழகும்போது வேகமாகச் செய்தார்களாம். மாற்றி மாற்றிப் பழகியவர்கள் முதலில் திணறினார்களாம். ஆனால் பத்து நாள் கழித்துப் பார்த்தால், திணறியவர்கள்தான் நன்றாகச் செய்தார்களாம்!

பெங்களூரில் கோல்ஃப் பழகிய அதிதி அசோக்கைப் பற்றியும் சொன்னார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடும்போது அவருக்கு வயது 18. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது இடம். ஒரே ஒரு அடியில் பதக்க வாய்ப்பு போனது. ரொம்பத் தூரம் அடிப்பவர் இல்லை. குழிக்குள் பந்தை உருட்டிவிடும் 'பட்டிங்'கில்தான் கெட்டி. பலத்தைவிடக் குறிதான் பெரிது.

நான் என் பழக்கத்தை மாற்றினேன். நூறு கிடையாது, முப்பதுதான். எதிர்ப்பக்கத்து மூலைகளில் செங்கல் வைத்தேன். இடது மூலைக்கு ஒன்று, வலது மூலைக்கு ஒன்று, வலையை ஒட்டிக் குட்டையாக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சை இழுத்து விட்டு, எங்கே என்று முடிவு செய்த பிறகுதான் கை தூக்குவேன். விசில் ஊதினால் 8 விநாடிக்குள் அடிக்க வேண்டும் என்பது விதி. அதையும் மனசுக்குள் எண்ணுவேன். அடித்த பந்தை நானே ஓடி எடுத்து வருவேன். முதல் இரண்டு வாரம் முன்பைவிட மோசம். அழுகை வந்தது, விடவில்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கா பெங்களூரு போன? ஏலக்காய் எடுக்குறதும் அப்படித்தான்டி. புதுசா வர்றவளுக்குக் கை வேகமாப் போகும். பை நெறைய பிஞ்சுதான் இருக்கும். ஒவ்வொரு சரத்துலயும் விளைஞ்ச காயைக் கண்ணால பாத்துத்தான் எடுக்கணும்" என்றார். வீட்டிலேயே கோச் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை!

இந்த வருஷ சோனல் மேட்ச்சில் நான் போட்ட பதினோரு சர்வீஸில் ஒன்பது உள்ளே விழுந்தன. மேட்ச்சில் தோற்றுவிட்டோம். ஆனால் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

தோழர்களே, ஒரே மாதிரிக் கணக்கை இருபது தடவை போடுகிறவர்களும், விடையை நூறு தடவை எழுதிப் பார்க்கிறவர்களும் கொஞ்சம் யோசியுங்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மி நகரும். ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று பார்த்து அடியுங்கள்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தேவாரம்