கதவைத் திறக்குமுன்

36 ஆண்டுகள் நாம் மிதிவண்டியில் அலுவலகம் சென்று வந்தோம். 1981-ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்த நாள்முதல் 2017-இல் ஓய்வு பெற்ற நாள்வரை, சென்னை பெரம்பூரிலிருந்து பாரிமுனைக்குப் போக ஏழெட்டுக் கிலோமீட்டர், வர ஏழெட்டுக் கிலோமீட்டர். அடைமழையும் காய்ச்சலும் வந்த நாள்களில் மட்டுமே பேருந்தை நாடினோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தொடக்கத்தில் வேறு வண்டி வாங்க வசதியில்லை. வசதி வந்தபின் வழக்கம் விடவில்லை. அவ்வளவே.

இத்துணைப் பழக்கமுடைய நாமே சென்ற ஆண்டு ஒரு மிதிவண்டிக்காரரை நடுத்தெருவில் விழச் செய்தோம். அதை எழுதவே பேனாவை எடுத்தோம். ஆயினும் நாம் சென்ற வழி எத்தகையது என்பதை முதலில் சொன்னால்தான், நம் பிழை எத்தகையது என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

எண்பதுகளில் வடசென்னைச் சாலைகளில் மிதிவண்டிக்காரன் தனியன் அல்லன். காலைச் சங்கு ஊதும் வேளையில் பி அண்டு சி மில்லுக்கும், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கும் செல்லும் தொழிலாளர்கள் சாலையை நிறைத்துக்கொண்டு வருவர். கேரியரில் சோற்றுத் தூக்கு, ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளே அவற்றுள் மிகுதி. அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகச் செல்லும்போது லாரிக்காரரும் சற்றே பொறுத்துத்தான் ஆகவேண்டும். விளக்கில்லாமல் வந்தாலோ, ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தாலோ காவலர் பிடித்துச் சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதுவும் ஒருவகை மதிப்பு என்றே இப்போது தோன்றுகிறது. சாலையில் நாம் இருக்கிறோம் என்று அவர் கண்டுகொண்டாரல்லவா?

1996-இல் மில் மூடப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் பெருகின. ஓட்டேரியைக் கடந்து பெரம்பூர் பேரக்ஸ் சாலை வழியாக டவுட்டன், வேப்பேரி, பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலை, ரிப்பன் மாளிகை, சென்ட்ரல், உயர்நீதிமன்றம் என்று செல்லும் அதே வழியில், ஆண்டுக்கு ஆண்டு நாம் தனித்துப் போனோம். மெட்ரோ ரயில் சுரங்கப் பணிக்காகத் தகரத் தடுப்புகள் வைத்த ஆண்டுகளில் நெடுஞ்சாலை பாதியாகச் சுருங்கியது. சுருங்கிய சாலையில் முதலில் இடம் இழப்பவன் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

மிதிவண்டிக்குரிய இடம் சாலையின் இடது ஓரம் என்பர். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதை அதில் போய்வந்தவனே அறிவான். மழைநீர் வடிகாலின் இரும்புச் சல்லடை, சக்கரம் இறங்குவதற்கென்றே அளவெடுத்ததுபோல் நீளவாக்கில் பதிந்திருக்கும். லாரிகளிலிருந்து சிந்திய மணல் அங்கேதான் ஒதுங்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகப் போவோம். பேருந்து நம்மைத் தாண்டிச் சென்று, நிறுத்தத்தில் நமக்குக் குறுக்கே ஒதுங்கி நிற்கும். நாம் வலப்புறம் விலகி அதைத் தாண்டுவதற்குள் நடத்துநரின் இரட்டை விசில் கேட்கும். அது மீண்டும் நம்மை முந்தும். டவுட்டன் தொடங்கிச் சென்ட்ரல்வரை ஒரே பேருந்தோடு இவ்விளையாட்டை ஆடிய நாள்கள் பல. ஓட்டுநர்களுள் சிலர் கண்ணாடியில் நம்மைக் கண்டு தலையசைக்கும் அளவுக்குப் பழகிவிட்டனர்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். தெரியாத தொல்லை ஒன்றுண்டு. அதுதான் நிற்கும் காரின் கதவு.

ஓரத்தில் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. ஒன்றின் கதவு திறந்தால் சாலைக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். ஆகவே காரை ஒட்டிச் செல்லாமல் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிச் செல்லவேண்டும். அவ்வாறு சென்றால் பின்னால் வருவோர், "ஓரமாகப் போய்யா!" என்று ஒலிப்பானை அழுத்துவர். அச்சத்தில் ஓரம் ஒதுங்கினால் கதவு, ஒதுங்காவிட்டால் பேருந்து. மிதிவண்டிக்காரன் நாள்தோறும் இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்தே வீடு திரும்புகிறான்.

1994-இல் வேப்பேரியில் ஒருநாள் காலை நாம் ஓரத்தைத் தெரிந்தெடுத்தோம். நின்றிருந்த அம்பாசிடர் காரின் கதவு திறந்தது. அடுத்து நாம் அறிந்தது, முழங்கால் சாலையில் தேய்ந்ததும், பின்னால் ஒரு பேருந்து கிறீச்சிட்டு நின்றதுமே. தூக்குப்பாத்திரம் திறந்து தயிர்சோறு சிதறிக் கிடந்தது. காரிலிருந்து இறங்கியவர், "என்னய்யா, பார்த்து வரக்கூடாதா?" என்றார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "மன்னிக்கணும் சார்" என்றோம். சொல்லிவிட்டு, தூக்கைப் பொறுக்கிக்கொண்டு அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். ஏன் மன்னிப்புக் கேட்டோம் என்று அன்று மாலை முழுதும் நம்மை நாமே கடிந்துகொண்டோம். வீட்டில், மணலில் சறுக்கியதாகச் சொன்னோம். கிழிந்த காற்சட்டையைத் தைக்கும்போது நம் துணைவியார் நம்பவில்லை என்பது தெரிந்தது, கேட்கவுமில்லை.

இனிச் சென்ற ஆண்டு நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும்.

மகன் காரோட்ட, நாம் அவனுக்குப் பின்னிருக்கையில் அமர்ந்து புரசைவாக்கத்துக்குத் துணி எடுக்கச் சென்றோம். மாலை மங்கும் நேரம். கடை முன்னே கார் நின்றது. இடப்பக்கம் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப மனமின்றி, வலப்பக்கக் கதவை வலக்கையால் தள்ளித் திறந்தோம். ஒரு மோதல்; ஓர் இரும்பொலி. மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் ஒருவர் அமர்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் அவருடைய மிதிவண்டி, முன்சக்கரம் சுழன்றவாறு கிடந்தது.

நம் வாயிலிருந்து முதலில் வந்த சொல், "என்னப்பா, பார்த்து வரக்கூடாதா?" என்பதே.

சொன்னபின்தான் அச்சொல்லை நம் செவி கேட்டது. அவரோ, "மன்னிச்சிடுங்க ஐயா, நான்தான் கொஞ்சம் தள்ளி வந்திருக்கணும்" என்றார். சூழ நின்றோர் அவரைத்தான் கடிந்தனர். வெள்ளை வேட்டியும் காரும் நமக்குச் சான்றாக நின்றன. "இல்லை, தவறு என்னுடையது" என்று நாம் சொல்வதற்குச் சிறிது நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று எழுத வெட்கமாயிருக்கிறது.

அருகிலிருந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எலும்பு முறியவில்லை, தசைநார் சுளுக்கு. 10 நாள் மிதிவண்டி ஓட்டவேண்டாம் என்றார் மருத்துவர். "அப்போ வேலைக்கு எப்படி ஐயா போறது?" என்று அவர் நம்மைப் பார்த்துக் கேட்டார். கீழ்ப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் அவர் தொழில். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. மருந்துச் செலவை ஏற்றோம். பத்து நாளைக்கு ஆட்டோ செலவுக்கும் பணம் தந்தோம். வேண்டாமென்று மறுத்துப் பிறகு வாங்கிக்கொண்டார். சைக்கிள் கடையில் முன்சக்கரத்துக் கோட்டம் எடுக்கக் கொடுத்து, அறுந்த கம்பிகளையும் மாற்றித் தரச் சொன்னோம்.

நான்காம் நாள் அவரைப் பார்க்கப் போனோம். குடியிருப்பின் வாயிற்சுவரில் அதே மிதிவண்டி சாத்தியிருந்தது. ஒற்றைக் கையால் ஓட்டி வந்திருக்கிறார். பணம் எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கில்லை, கேட்கவில்லை. அவரே சொன்னார், மகளின் பள்ளிக்குக் கட்டிவிட்டாராம்.

இதற்குப்பின் கதவைப் பற்றியே நம் சிந்தனை சுழன்றது. நெதர்லாந்தில் கதவுக்குத் தொலைவிலுள்ள கையால் திறக்கப் பழக்குவர் என்று அறிந்தோம். பிரிட்டனின் சாலை விதிநூலிலும் 2022-இல் இவ்வறிவுரையைச் சேர்த்துள்ளனர். வலப்பக்கக் கதவை இடக்கையால் திறந்து பாருங்கள். உடல் தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னே போகும். பொருட்செலவு ஒன்றுமில்லை. நெதர்லாந்துக்காரர் பிறவியிலேயே இத்தகையோர் என்று எண்ணவேண்டாம். 1971-இல் அச்சிறு நாட்டின் சாலைகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கு மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே அரசு மிதிவண்டிக்குத் தனிப்பாதை அமைக்க முனைந்தது. சென்னை மாநகராட்சியும் 2014-இல் நடப்போர்க்கும் மிதிவண்டிக்கும் முதன்மை தரும் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. நடைபாதைகள் சில இடங்களில் அகன்றதைக் காண்கிறோம். புரசைவாக்கத்தில் மிதிவண்டிக்காரருக்கு இன்றும் அதே ஓரம்தான்.

நம் பழைய வண்டியை அவருக்கே கொடுத்துவிடலாமா என்று துணைவியார் கேட்டார். அவருடைய வண்டி அதைவிட நல்ல நிலையில் இருந்தது என்றோம்.

காரின் வலப்புறப் பின்கதவுக்குக் குழந்தைப் பூட்டு என்று ஒன்று உண்டாம்; உள்ளிருந்து திறக்க இயலாது. மகன் அன்றிரவே அதைப் போட்டுவிட்டான். பேத்திக்காக என்று சொன்னான். அவள் எப்போதும் இடப்பக்கமே அமர்வாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவள் இறங்கிய பிறகு, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து இடப்பக்கமாகவே இறங்குகிறோம்.