விற்பவர் அறிந்ததை வாங்குபவரும் அறியவேண்டும்

தெல்லிப்பழையில் காணி வாங்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் விலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். விற்பவருக்குத் தெரிந்தும் உங்களுக்குத் தெரியாமல் இருப்பது என்ன என்று முதலில் விசாரியுங்கள் என்பதே என் பதில்.

கலிபோர்னியாவில் வீடு விற்பவர் தாம் அறிந்த குறைகளைப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் இலங்கையில் அப்படியொரு படிவம் இல்லை. ஆனால் சட்டம் வாங்குபவரைக் கைவிடவும் இல்லை. இங்கே நிலவும் உரோம டச்சுச் சட்டப்படி, வெளியில் தெரியாத குறையை அறிந்தும் மறைத்து விற்றவர் அதற்குப் பொறுப்பாளி. கண்ணாற் பார்த்திருக்கக்கூடிய சுவர் வெடிப்புக்குச் சட்டம் துணைவராது. ஆகவே சட்டம் காப்பது, நன்றாகப் பார்த்துக் கேட்டு வாங்கியவரையே.

முதலிற் கிணற்றைப் பாருங்கள். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்திலும் அயலூர்களிலும் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த துயரத்தை மறக்கமுடியாது. அதற்காக 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனமொன்றை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. காலையில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வெயிலில் வையுங்கள். மேலே ஏதாவது படலம் மினுங்குகிறதா, மணக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அடுத்தது உறுதி. தனிக் கிணறா, பங்குக் கிணறா? வழி வாய்க்கால் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா? காணி பிரிபடாத பங்கென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி மற்றப் பங்காளிகளுக்கே முதலில் அறிவிக்கவேண்டும். 1947 ஆம் ஆண்டின் முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அதை வகுத்திருக்கிறது. அறிவிக்காமல் விற்றால் பங்காளி வழக்கு வைத்துக் காணியைத் தானே வாங்கிக்கொள்ளலாம். நொத்தாரிசின் வாய்ச்சொல்லோடு நிற்காமல், காணிப் பதிவகத்தில் ஈடு, ஒற்றி, வழக்கு ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று தேடுவியுங்கள்.

மூன்றாவது எல்லை. 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பலர், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணி விடுபட்டுத் திரும்பியபோது வேலியும் இல்லை, வீடும் இல்லை. உரிமையாளர் கனடாவில் இருக்க, அற்றோணித் தத்துவம் பெற்றவர் விற்கிறார். அவருக்கே எல்லைக்கல் எங்கென்று தெரியாது. நில அளவையாளரை அழைத்து, நாலு பக்கத்து அயலவரையும் நிற்க வைத்து அளப்பியுங்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான போர்க்காலத்தில் காணிக்கு வரமுடியாதோரின் உரிமையைக் காக்க 2016 இல் தனிச் சட்டமே வந்தது. ஆகவே பத்து வருடம் ஆண்டதால் காணி தனக்கே சொந்தம் என்று ஒருவர் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

விற்கும் என் வயதுக்காரருக்கும் ஒரு சொல். தெரிந்த குறையை எழுதி, கையொப்பமிட்டு, வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். பரப்புக்கு ஓரிரு இலட்சம் குறையலாம். பிள்ளைகளுக்குக் கூடுதலாகச் சேர்க்கவென்றுதான் மறைக்கிறோம். நாம் போனபின், மறைத்ததால் வரும் வழக்கைச் சுமப்பவர்களும் அதே பிள்ளைகள்தான்.