கையிற் கோல் உண்டு

தமிழிற் "கோல்" என்றால் தடி. விளையாட்டுக்களோடு கடல் கடந்து வந்த "கோல்" வேறு; அது பந்து வலையினுட் புகும்போது கிடைக்கும் புள்ளி. ஹொக்கி ஆட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தல் வேண்டும். பதினொருவர் கையிலும் கோல் இருக்க, புள்ளிப் பலகையில் மட்டும் கோல் ஏறாதிருக்கும் காட்சியைப் போல ஒரு ரசிகனின் பொறுமையைச் சோதிப்பது பிறிதொன்றில்லை.

தோல்வி ஒரு துன்பந்தான். ஆயினும் அதனைத் தாங்கிக்கொள்ளலாம். எதிரி வல்லவன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு உறங்கச் செல்லலாம். ஆட்டம் முழுவதும் பந்து நாம் விரும்பும் அணியின் வசமே இருந்தும், எதிரியின் வாயிலை அது மீண்டும் மீண்டும் முட்டியும், உள்ளே மட்டும் புகாதிருப்பதோ உறக்கத்தையே கெடுக்கும் துன்பம்.

கிரிக்கெட்டே விளையாட்டென்று கொண்டாடும் இந்நாட்டில், ஹொக்கிக்காக வருந்துபவர் சிலரே. எமது கல்லூரி ஆசிரியர் அறையிற் கிரிக்கெட் பேச ஆள் பலருண்டு. ஹொக்கி பேச நாம் ஒருவரே. இந்திய ஹொக்கி அணிமீதுள்ள பற்று எமக்குத் தந்தையாரிடமிருந்து வந்த முதுசம். 1964 இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கப் பதக்கம் வென்ற செய்தியை வானொலியிற் கேட்ட நாளை அவர் இன்றும் விரித்துரைப்பார். காணியும் வீடும் பெற்றோர் பலர். எமக்குக் கிடைத்ததோ இக்கவலை.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 4 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, இக்கவலை உச்சத்தை எட்டியது. சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சம்பியன்ஸ் கிண்ணப் போட்டிகள் நடைபெற்றுக்கொண்டிருந்தன. அன்று இந்தியாவும் யப்பானும் மோதின. இடைவேளைக்கு முன்னரே யப்பான் ஒரு கோலைப் பெற்றுவிட்டது. இந்தியாவுக்கு அன்று கிடைத்த பெனல்டி கோர்னர்கள் 15. அவற்றுள் கோலாக மாறியது ஒன்றே. அதனைப் போட்டவர் அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங். முடிவு 1–1.

பன்னிரண்டாவது வாய்ப்பும் வீணானபோது, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த எமது இல்லாள், "இஞ்சாருங்கோ, இத்தினை தரம் கதவைத் திறந்துவிட்டும் உள்ளுக்குப் போகத் தெரியாதவைக்காகவோ நீங்கள் இன்னும் சாப்பிடாமல் இருக்கிறியள்?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை எம்மிடம் இருக்கவில்லை. சாய்மனைக் கதிரையிலிருந்த தந்தையாரோ, "எங்கடை காலத்திலை அவங்கள் கோலைக் கடகத்திலை அள்ளினவங்கள், தம்பி" என்றார்.

ஹொக்கியறியாத வாசகர் பொருட்டு ஒரு சிறு விளக்கம். கோலுக்கு முன்னால் அரைவட்டம் போன்றதோர் எல்லை வரையப்பட்டிருக்கும். அதனுள் நின்று அடித்த பந்தே கோலாகக் கணிக்கப்படும். அந்த எல்லையினுள்ளே காப்பவர் தவறிழைத்தால், பந்து அவர் பாதத்திற் பட்டாலுங்கூட, தாக்குபவருக்குப் பெனல்டி கோர்னர் கிடைக்கும். அப்பொழுது கோல்காப்பாளர் உட்பட ஐவர் மாத்திரமே கோலைக் காக்கலாம்; ஏனையோர் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அப்பாற் செல்லல் வேண்டும். ஒருவர் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார். ஒருவர் எல்லைக்கு வெளியே அதனை நிறுத்துவார். மற்றொருவர் அதனைக் கோலினால் இழுத்து வீசுவார். இவை யாவும் இமைப்பொழுதில் முடியும். கோலின் அகலம் 3.66 மீற்றர், உயரம் 2.14 மீற்றர். காப்பவர் முகமூடி அணிந்து, வீசுபவரை நோக்கித் தம் உயிரையும் பொருட்படுத்தாது ஓடிவருவர். பார்ப்பவருக்கு எளிதாகத் தோன்றும் இவ்வாய்ப்பு, செய்பவருக்கு எளிதன்று.

தந்தையார் கூறிய கடகக் கணக்கிலும் உண்மையுண்டு. 1932 இல் லொஸ் ஏஞ்சல்சில் அமெரிக்காவை இந்தியா 24–1 என்று வென்றது. 1956 இல் மெல்போர்னில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 14, அமெரிக்காவுக்கு எதிராக 16, சிங்கப்பூருக்கு எதிராக 6 என்று கோல்கள் குவிந்தன. ஆயினும் அதே 1956 இல், அரையிறுதியில் ஜேர்மனிக்கு எதிராக இந்தியா பெற்றது ஒரு கோல். இறுதியிற் பாகிஸ்தானுக்கு எதிராகப் பெற்றதும் ஒரு கோலே. 1960 இல் ரோமாபுரியில் அந்த ஒன்றுங்கூடக் கிட்டவில்லை. பாகிஸ்தான் 1–0 என்று வென்று தங்கத்தைக் கொண்டு சென்றது. தந்தையார் போற்றும் 1964 இலும் மொகிந்தர் லால் போட்ட ஒரேயொரு கோலிலேதான் தங்கம் தங்கியது. வல்லவன் எதிரே நிற்கும்போது கோல் என்றும் அரிய பொருளே. ஆகவே, கோல் குறைந்துவிட்டது என்பதன்று எமது முறைப்பாடு.

எமது முறைப்பாடு வேறு. எதிரியின் எல்லையினுட் பந்தோடு புகும் வீரரை இக்காலத்தில் உற்று நோக்குங்கள். அவர் கண் வலையைத் தேடாது; காப்பவரின் பாதத்தைத் தேடும். பாதத்திற் பந்தை மோதவிட்டுக் கையை உயர்த்தி நடுவரைப் பார்ப்பார். பெனல்டி கோர்னர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று மகிழ்வார். பின்னர் எல்லோரும் ஒருவருடைய கோலையே நம்பி நிற்பர். அவர் கை ஓங்கிய நாளில் வெற்றி. தளர்ந்த நாளிற் பதினைந்தும் பாழ்.

ஆசிரியத் தொழில் செய்வோருக்கு இக்காட்சி புதியதன்று. உயர்தரப் பரீட்சைக்குச் செல்லும் மாணவருட் சிலர் பாடத்தைப் படியார்; "வரும்" என்று யாரோ கூறிய வினாக்களை மாத்திரம் படிப்பர். வினா வந்தாற் பிழைத்தனர், வராவிட்டால் விழித்தனர். அவர்களிடம் அறிவில்லை என்று நாம் கூறோம். ஒரே வாயிலை நம்பியமையால், ஏனைய வாயில்களைத் தட்டும் பழக்கம் அவர்களை விட்டு நீங்கிவிட்டது. கணித வினாவில் விடை பிழைத்தாலும் வழி சரியாயின் நாம் சில புள்ளிகளை வழங்குகிறோம். ஹொக்கியில் அந்தக் கருணை இல்லை. வழி எவ்வளவு அழகாக இருந்தாலும் பலகை விடையை மாத்திரமே எழுதும்.

இவர்களாற் பிறவழியிற் கோல் போட முடியாது என்றால் நாமும் வாளாவிருந்திருப்போம். முடியும் என்பதற்கு அதே சென்னை சாட்சி. யப்பானோடு தடுமாறி இரண்டு நாள்கள் கழிந்ததும், மலேசியாவை 5–0 என்று வென்றனர். அக்கோல்களை ஐவர் போட்டனர்; முதலாவதைப் போட்டவர் தமிழ்நாட்டு அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். ஓகஸ்ட் 12 ஆந் திகதி இறுதியாட்டத்தில் அதே மலேசியா இடைவேளையின்போது 3–1 என்று முன்னின்றது. இந்தியா விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாங் கால்பகுதியின் முடிவில் அடுத்தடுத்து இரண்டு கோல்கள். அவற்றுள் ஒன்று குர்ஜன்ட் சிங் ஓட்டத்திலேயே போட்டது. 56 ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் யார் பாதத்தையும் தேடாது வலையை நோக்கி அடித்தார். 4–3 என்று கிண்ணம் கிடைத்தது. தந்தையார் கதிரையை விட்டு எழுந்து நின்றதை நாம் அன்றுதான் நெடுநாள்களின் பின் கண்டோம்.

ரோக்கியோ ஒலிம்பிக் 2021 இல் நடைபெற்றபோதும் இவ்வாறே. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஜேர்மனியை 5–4 என்று வென்றனர். அந்த ஐந்து கோல்களையும் நால்வர் பகிர்ந்துகொண்டனர். 1980 இன் பின் 41 ஆண்டுகளாகக் காணாத பதக்கம் அன்று வந்தது. மூன்றாண்டுகள் கழிந்து 2024 இல் பாரிசிலும் வெண்கலம் வந்தது, மகிழ்ந்தோம். ஆயினும் கணக்குப் பார்க்கும் புத்தி எம்மை விடவில்லை. அங்கு இந்தியா போட்ட கோல்கள் 15. அவற்றுள் 10 ஹர்மன்பிரீத் ஒருவருடையவை. ஸ்பெயினை 2–1 என்று வென்ற பதக்க ஆட்டத்தில் இரண்டும் அவருடையவையே. அப்பெருவீரருக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். அவர் சுமந்த பாரத்தை எண்ணும்போது எமக்கு அச்சமும் உண்டாகிறது. பத்துப் பேர் உழுது, நீர் பாய்ச்சி, களை பிடுங்கியபின், அறுவடைக்கு ஒருவரையே அனுப்பும் வயல் எத்தனை போகம் நிலைக்கும்?

ஆதலின், வாய்ப்பை வீணாக்கிய வீரரை நாம் திட்டுவதில்லை. பதினைந்து முறை முயன்றவன் சோம்பேறியல்லன். வலை கண்ணுக்கெதிரே திறந்து கிடக்கும்போது அதனைப் பாராது, பிறர் பாதத்தைப் பார்க்கும் வழக்கத்தின்மீதே எமது சினம். அவ்வழக்கத்தை விட்டுத் தானே அடித்துத் தவறவிடும் இளைஞனைக் காணும்போது, பலகை அவனுக்கு ஒன்றும் எழுதாவிட்டாலும், நாம் எமது கணக்கில் அவனுக்குப் புள்ளி இடுகின்றோம். இல்லாள் சோற்றை மூடிவைத்துவிட்டு உறங்கச் சென்றபின்னும் ஆட்டத்தின் கடைசி நிமிடம்வரை நாம் விழித்திருப்பது அந்த இளைஞனுக்காகவே.