வீட்டுக்காரி ஆனேன்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள், மூன்றாவதாக ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். கட்டிய வீட்டைச் சாமான்களோடு வாடகைக்கு விட்டுப் பார்! இந்த மூன்றாவது பரீட்சையைச் சென்ற வருஷம் நான் எழுதினேன். தேறினேனா, இல்லையா என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

அம்பத்தூரில் எங்களுக்கு ஒரு வீடு உண்டு. என் மாமனார் கட்டியது. அவர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்ததே, அதே தொழிற்சாலைதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கடன் வாங்கி, 1986-ல் கிரகப்பிரவேசம் செய்தார். இரண்டு அறை, ஒரு கூடம், சமையலறை, கொல்லையில் ஒரு கிணறு, ஒரு வேப்ப மரம். அவர் காலமான பிறகு அத்தை எங்களோடு அண்ணா நகருக்கு வந்துவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. ஆள் இல்லாத வீட்டை எலியும் கரையானும் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே?

"வாடகைக்கு விட்டுவிடலாமே" என்றார் என் கணவர். அத்தைக்கு மனம் வரவில்லை. "வருஷக்கணக்கில் குடி வைத்துவிட்டால் அப்புறம் நம் வீடு மாதிரியா இருக்கும்? நினைத்தபோது போய் ஒரு நாள் இருக்க முடியுமா?" என்றார்.

பத்திரிகையில் வேலை செய்கிறவளுக்கு யோசனைக்கா பஞ்சம்? ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். மாதக் கணக்கில் விடுவது! ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. கட்டில், மெத்தை, பாத்திரம், ஃபிரிஜ் எல்லாம் நம்முடையவை. வருகிறவர் பெட்டியோடு வந்து, பெட்டியோடு போக வேண்டியது. இடையிடையே வீடு காலியாக இருக்கும்போது அத்தை போய் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

இப்படிப்பட்ட வீடு யாருக்கு வேண்டும் என்று கேட்கிறீர்களா? மேற்குப் புறநகரில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வெளியூரிலிருந்து இரண்டு மாத வேலையாக வருகிற இஞ்சினீயர்கள், ஆவடிக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள், முகப்பேரிலும் போரூரிலும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள், சொந்த வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள். இவர்களுக்கு லாட்ஜ் கட்டுப்படியாகாது. சாதாரண வீட்டுக்காரரோ பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டு, பதினோரு மாதத்துக்கு எழுதச் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவிக்கிறவர்கள்தான் நம்முடைய வாடிக்கைக்காரர்கள்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்மப் பாணி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டது. அந்த ஆவடிக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளி நான் வீட்டுச் சொந்தக்காரியாக அவதாரம் எடுக்கக் கிளம்பினேன்!

முதல் வேலை சாமான் வாங்குவது. என் வளையல்களை அடகு வைத்ததில் 1,00,000 ரூபாய். கையிருப்பில் 40,000. கடைக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் பலகைக் கட்டில்கள் மலிவாக இருந்தன. "வேண்டாம், இரும்புக் கட்டில் வாங்கு" என்றார் அத்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஊறினால் அப்பளமாய் உப்பிவிடும். அத்தை சொன்னதைக் கேட்டேன். கேட்காத விஷயமும் ஒன்று உண்டு. சமையலறையில் இருந்த அரிவாள்மணை, பித்தளை அண்டா, கல் சட்டி எல்லாவற்றையும் பரணில் ஏற்றினேன். "இந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கு வேண்டும், அத்தை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக நான் கடையில் வாங்கி வைத்தது மூன்று கத்தி, ஒரு பிளாஸ்டிக் பலகை.

பிறகு சட்டத்தைப் படித்தேன். 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாய்வார்த்தை செல்லாது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்ப வேண்டும். சண்டை என்று வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. சொந்த வீடுதானே என்று நினைத்த நேரத்தில் நுழையவும் கூடாது. முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனையும் படித்ததும் எனக்கு வக்கீல் ஆகிவிட்ட மாதிரி ஒரு மிடுக்கு வந்துவிட்டது. சாமான் ஜாபிதா ஒன்று தயாரித்தேன். கட்டிலிலிருந்து கரண்டி வரை 64 இனங்கள். ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்தாக, "60 நாளைக்கு முன் காலி செய்தால் மீதி நாளைய வாடகை அட்வான்ஸில் கழிக்கப்படும்" என்று நானே சேர்த்தேன். வாடகை மாதம் 24,000. அட்வான்ஸ் ஒரு மாதம்.

முதலில் வந்தவர் புனாவிலிருந்து ஓர் இஞ்சினீயர். தங்கமான பிள்ளை. இரண்டு மாதம் இருந்தார், கைகூப்பி விடைபெற்றார், அட்வான்ஸையும் அன்றே கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து மின்சாரக் கணக்கு வந்தது. எங்கள் வீட்டுக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அவர் இரவும் பகலும் ஓட்டிய ஏ.சி.யின் காற்று அவருக்கு, கட்டணம் எனக்கு! அன்றிலிருந்து குடிவருகிற நாளும் போகிற நாளும் மீட்டரைப் படம் பிடித்து இரு தரப்பும் வைத்துக்கொள்வதென்று ஏற்பாடு. இந்த ஒரு பாடத்துக்கு நான் கட்டிய பீஸ் 3,000 ரூபாய்க்கு மேல். உங்களுக்கு இனாமாகச் சொல்லுகிறேன்.

அடுத்த ஐந்து வாரம் வீடு காலி. மாதக் கணக்கில் வீடு விடுகிறவர்களுக்கு நிஜமான சத்ரு குடித்தனக்காரர் அல்ல, காலி நாட்கள்தான். சாமான் இல்லாமல் விட்டால் எங்கள் வீட்டுக்கு 14,000 வரும். வருஷத்துக்கு 1,68,000. சாமானோடு 24,000 என்றாலும், வருஷத்தில் எட்டு மாதம்தான் ஆள் இருந்தால் 1,92,000. வித்தியாசம் 24,000. அதில் இன்டர்நெட்டுக்கும், ஒவ்வொரு முறையும் வீட்டைக் கழுவித் துடைக்கிற அம்மாளுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது என்ன? அடகுக் கடையில் இருந்த வளையல்கள் ராத்திரியில் என் கனவில் கிணுகிணுத்தன.

அந்தச் சமயத்தில்தான் கல்கத்தாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு இருதய ஆபரேஷன். மூன்று மாதம் ஆகலாம் என்று சொல்லி வந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. அரைகுறை இங்கிலீஷில் பேசிக்கொண்டோம்.

"நோயாளி இருக்கிற வீடு. ஒரு தரம் பார்த்துவிட்டு வருவோம்" என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரசம் எடுத்துக்கொண்டு போனோம். அந்த அம்மாள் கத்தியை வைத்துக்கொண்டு பூசணிக்காயோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். விரலில் துணிக் கட்டு. அத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். என்னைப் பரணில் ஏறச் சொன்னார். அரிவாள்மணையை இறக்கித் துடைத்து எதிரே வைத்ததும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பொன்ட்டி!" என்று கூவிவிட்டார். வங்காளத்தில் அதற்கு அதுதான் பெயராம். தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, நம் பாட்டிமார் மாதிரியே பூசணிக்காயைப் பத்தை பத்தையாகப் போட்டார். அத்தையும் அவரும் பாஷையே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதாவது நாள் போனில் செய்தி வந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஊருக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷம் என்று ஒரு வரி எழுதினேன். அடுத்த வரியில், ஏழாவது ஷரத்துப்படி 20 நாள் வாடகை 16,000 ரூபாய் கழிக்கப்படும் என்று எழுதினேன். அனுப்பியும் விட்டேன். "சரி" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

அந்தச் "சரி" அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. "சட்டம் நம் பக்கம்தானே?" என்றார் என் கணவர். சட்டம் என் பக்கம்தான். ஆனால் ஒரு மனுஷர் சீக்கிரம் குணமானதற்கு நான் அபராதம் போட்டிருக்கிறேனே! அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சாவி வாங்கப் போனேன். வீடு கழுவி விட்டிருந்தது. கூடத்து மேஜைமேல் என்னுடைய 64 இன ஜாபிதா. ஒவ்வொன்றுக்கும் எதிரே பென்ஸிலால் ஒரு கோடு. "கண்ணாடி டம்ளர் 6" என்ற இடத்தில் மட்டும் ஆறை அடித்து ஐந்து என்று எழுதி, பக்கத்தில் ஒரு நூறு ரூபாய் நோட்டு மடித்து வைத்திருந்தது. வாசலில் டாக்சி வந்துவிட்டது. அவர் கணவர் நெஞ்சில் கை வைத்தபடி மெல்லப் படியிறங்கினார்.

நான் மீட்டரைப் பார்த்தேன். மின்சாரத்துக்கு 1,150 ரூபாய் கணக்கு வந்தது. மீதி 22,850 ரூபாயை அங்கேயே நின்று அவர்கள் கணக்குக்கு அனுப்பினேன். நூறு ரூபாய் நோட்டையும் கையில் திணித்தேன். அந்த அம்மாள் போனைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். ஏதோ தப்பாக அனுப்பிவிட்டேன் என்று நினைத்தார் போலும். "கணக்கு சரிதான்" என்று நான் தமிழிலேயே சொன்னேன். எப்படியோ புரிந்தது.

அந்த வருஷம் எனக்கு லாபம் இல்லை. வளையல்களை மீட்க இன்னும் நாளாகும். ஆனால் ஏழாவது ஷரத்தை மாற்றி எழுதிவிட்டேன். வைத்தியத்துக்கு வருகிறவர்கள் முன்னதாகக் கிளம்புவதானால் ஏழு நாள் முன்னால் சொன்னால் போதும். ஏழு நாள் நஷ்டத்தை நான் தாங்கலாம். ஒரு "சரி"யைத் தாங்க முடியாது.

ஜாபிதாவிலும் ஒரு திருத்தம். கடைசியில் அத்தையே சொல்லச் சொல்ல எழுதியது: 65. அரிவாள்மணை - 1.