விஷம் என்று ஒரு வாசனை

சென்ட் பாட்டிலுக்கு யாராவது 'விஷம்' என்று பெயர் வைப்பார்களா? வைத்திருக்கிறார்களே! பிரான்சின் டியோர் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த சென்ட்டின் பெயர் 'பாய்சன்'. கத்தரிப்பூ நிறத்தில், ஆப்பிள் வடிவத்தில் பாட்டில். துபாயில் இருக்கும் என் சின்ன நாத்தனார் இந்தத் தடவை லீவில் வந்தபோது வாங்கி வந்தாள். "பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க அண்ணி, மோந்து பாருங்க" என்றாள்.

போட்டவுடன் முகத்தில் அடிப்பது பழ வாசனை. பிளம்ஸ் என்கிறார்கள். எனக்கென்னவோ சர்க்கரைப் பாகில் ஊறிய நாவல்பழம் போலத்தான் இருந்தது. கூடவே மெல்லிய காரம். அதில் நம் கொத்துமல்லி விதையும் உண்டாம். கொஞ்சம் திகட்டத்தான் செய்தது. பழம் அடங்கியதும் வந்தது பாருங்கள் ஒரு பூ வாசனை! எங்கேயோ நன்றாகப் பழகிய வாசனை. கல்யாண மண்டபம், மாலைக்கூடை... அட, சம்பங்கி!

சத்தியமங்கலம் பக்கம் வயல் வயலாகப் பயிரிடுவதைப் பார்த்து, சம்பங்கி நம்ம ஊர்ப் பூ என்றே நினைத்திருப்போம். அதன் பூர்வீகம் மெக்சிகோ. பறித்த பிறகும் அது மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பிரான்சில் அந்தக் காலத்தில் கொழுப்பு தடவிய கண்ணாடித் தட்டில் பூக்களைப் பரப்பி, வாடியதை எடுத்துப் புதுப்பூ வைத்து, பல நாள் வாசனை ஏற்றுவார்களாம். என்ன பொறுமை!

மறுநாள் காலை மணிக்கட்டில் மிச்சம் இருந்தது வேறொரு வாசனை. அதுதான் ஆம்பர். திமிங்கலத்திலிருந்து கிடைக்கும் அம்பர் இல்லை. நகையில் பதிக்கிற மஞ்சள் கல்லும் இல்லை. சென்ட் செய்கிறவர்கள் ஆம்பர் என்பது ஒரு கலவையை. லாப்டனம் என்ற செடிப் பிசின், வெனிலா, சாம்பிராணி எல்லாம் சேர்ந்தது. ஆமாம், சுமத்ரா தீவிலிருந்து வருகிற அதே சாம்பிராணிதான்! பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுப் புகை காட்டிய நாட்கள் ஞாபகம் வந்தன. (இளம் தாய்மார்களே, அந்தப் புகை குழந்தையின் மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். துண்டால் துவட்டினாலே போதும். கைக்குழந்தையைத் தூக்கும்போது சென்ட்டும் வேண்டாம்.)

வெயில் காலத்துக்கும் பஸ் நெரிசலுக்கும் இது சரிப்படாது. பக்கத்தில் இழுப்பு உள்ளவர்களோ, ஒற்றைத் தலைவலிக்காரர்களோ இருந்தால் பாவம். சாயங்கால விசேஷங்களுக்கு ஒரே ஒரு தடவை அடித்தால் போதும். பட்டுப்புடவை மேல் அடிக்காதீர்கள், கறை படியும்.

என் பெரிய அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் மாமா தவறிவிட்டார். அன்றிலிருந்து தலையில் பூ கிடையாது. அவள் பெண் எவ்வளவோ சொல்லிவிட்டாள். "ஊர் வாய்க்கு யாருடி பதில் சொல்றது?" என்பாள். பூக்காரி குரல் கேட்டாலே ஏதோ வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விடுவாள். பூ என்றால் உயிரை விட்டவள் அவள்.

போன வெள்ளிக்கிழமை வந்தவள், நான் காபி கொடுத்தபோது கையைப் பிடித்து மோந்தாள். "சம்பங்கிடீ!" என்றாள். அவள் கல்யாண மாலை சம்பங்கிதான். நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன்.

"எனக்கெதுக்குடி இதெல்லாம்?"

"இது பூ இல்லையே அக்கா, சென்ட்தானே?"

பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயருக்கு அர்த்தம் சொன்னேன். "விஷமா? அப்ப நான் போட்டுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைப்பை விலக்கி, கழுத்தடியில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, உடனே தலைப்பால் மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே போன். "ராத்திரி பூரா இருந்துச்சுடி. இப்ப சாம்பிராணி வாசனை மட்டும் கொஞ்சம் இருக்கு."

அடுத்த தடவை வரும்போது பாட்டிலையே எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரிடம் எனக்கு வேறொன்று கேட்டாயிற்று, இத்தனை தித்திப்பு இல்லாததாக.