அம்மாவைக் காட்டிக் கொடுத்தேன்

அண்ணா பெண்ணின் கல்யாணத்துக்கு இன்னும் 20 நாட்களே இருந்தன. அம்மாவோ படுத்த படுக்கை! இடுப்பில் கிளம்பும் வலி இடது தொடை வழியாக இறங்கிக் கால் கட்டைவிரல் வரை மின்சாரம்போல் பாயும். தும்மினால் பிராணன் போகும். ஒத்தடம், தைலம், பக்கத்து வீட்டு மாமியின் கஷாயம் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது.

டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்துகிறதாம். நரம்பருகே ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். 1950-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த கார்ட்டிசோனின் வம்சத்து மருந்து அது.

"போட்டால் குணமாகிவிடுமா?" என்றாள் அம்மா.

"பிதுங்கிய வட்டை ஊசி உள்ளே தள்ளாது, அம்மா. வீக்கம் வடிந்து கால் வலி சில வாரங்கள் குறையலாம். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன். ஊசியில்லாமலே சரியாகிறவர்களும் அநேகம். ஆனால் பாதம் பலமிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். சரி, சர்க்கரை உண்டா?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 11 வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவள்! உண்மையைச் சொன்னால் ஊசி போட மாட்டாரோ, கல்யாணத்தில் நிற்க முடியாதோ என்ற பயம். மேஜைக்கடியில் என் கையைக் கிள்ளினாள்.

நான் சொல்லிவிட்டேன்.

டாக்டர் கோபிக்கவில்லை. "நல்லவேளை! ஸ்டீராய்டு சில நாட்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். முதலில் கட்டுக்குள் கொண்டுவருவோம், பிறகு போடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அதையும் மறைக்கக் கூடாது" என்றார்.

ஆட்டோவில் வீடு வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து, குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசி போட்டார்கள். மறுநாள் சர்க்கரை 290! தினமும் சோதித்து வந்ததால் டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். ஐந்தாம் நாள் இறங்கியது. கால் வலியும் மெல்லத் தணிந்தது. தண்ணீர்க் குடம் தூக்குவது இனி எங்கள் பொறுப்பு. தினம் நடப்பது அம்மாவின் பொறுப்பு.

கல்யாண மண்டபத்தில் யாரோ என்னைச் சுட்டி, "இது யார்?" என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

"டாக்டரிடம் என்னைக் காட்டிக் கொடுத்த புண்ணியவதி, என் பெண்தான்!" என்றாள், பட்டுப் புடவையில், நின்றுகொண்டே.