எந்தக் கரைக்குச் செல்வது?

கப்பல் யாத்திரை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போய்ச் சேருதல் என்பதே. கரிபியன் கடலில் உலவும் உல்லாசக் கப்பல்களோ எவ்வூருக்கும் போய்ச் சேருவதில்லை. புறப்பட்ட துறைமுகத்துக்கே ஏழாம் நாள் திரும்பி வந்துவிடுகின்றன. இடையில் நாளுக்கொரு தீவில் காலையில் நிற்கும், மாலையில் நகரும். அந்த எட்டு மணி நேரத்தை எங்கே, எவ்வாறு கழிப்பது என்பதில்தான் யாத்திரையின் இன்பமும் துன்பமும் அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் சங்கக் குடும்பங்கள் சில இப்போது இவ்வகைக் கப்பல்களில் ஏறி வருகின்றன. இனி ஏறப்போகும் அன்பர்களுக்குப் பயன்படுமென்றே, மார்த்தினீக் தீவில் நாங்கள் ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுத்த வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

2024 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், போர்ட்டோ ரிக்கோவிலுள்ள சான் ஹுவான் துறைமுகத்தில் கப்பலேறினோம். நாங்கள் இருவர், எங்கள் மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேரன், இவர்களுடன் அம்மா. அம்மா எங்களில் ஒருவருக்குத் தாயார், மற்றவருக்கு மாமியார். வயது எழுபத்தாறு. முழங்கால் வலி உண்டே தவிர மனவலிமைக்குக் குறைவில்லை.

கப்பல்காரர்களே ஒவ்வொரு தீவிலும் சுற்றுலா ஏற்பாடு செய்கிறார்கள். அதில் ஒரு பெரிய அநுகூலம் உண்டு. அவர்கள் அழைத்துச் சென்ற பேருந்து வழியில் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனவர்கள் தாமதித்தால் காத்திராது. அடுத்த தீவுக்கு நம் செலவிலேயே பறந்து போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். ஆயினும் நாற்பது பேர் ஏறிய பேருந்தில், கொடி பிடித்தவர் பின்னால் அவர் நடைக்கு ஈடுகொடுத்து ஓடுவது அம்மாவால் ஆகாத காரியம். அன்றியும் ஆறு பேருக்கான கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு வாடகை வண்டியை நாள் முழுவதும் அமர்த்திக்கொள்வதே சிக்கனம் என்று தோன்றிற்று. ஆதலின் தனியே போவதென்று தீர்மானித்தோம்.

எங்கே போவது என்பதில்தான் கட்சிகள் பிரிந்தன.

மகளின் கட்சி லே சலீன். தீவின் தென்கோடியில் உள்ள வெண்மணற் கரை அது. தென்னைகள் நீர்மேல் சாய்ந்து நிற்க, நீர் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து கிடக்கும். மார்த்தினீக் என்று விளம்பரப் படங்களில் காண்பதெல்லாம் பெரும்பாலும் அக்கரையே. மாப்பிள்ளையின் கட்சி வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஆன்ஸ் மித்தான். கப்பல் நிற்கும் ஃபோர்-த-பிரான்ஸ் நகரின் படகுத்துறையிலிருந்து சிறு படகுகள் அக்கரைக்கு ஓடிக்கொண்டே இருக்கின்றன. இருபது நிமிடப் பயணம். கரையிலிருந்தே நம் கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். "கப்பல் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால்தான் எனக்குக் குளிக்க மனம் வரும்" என்றார் அவர். எச்சரிக்கையுள்ள மனிதர், அவரிடம் நாங்கள் மதிக்கும் குணமும் அதுவே.

இரண்டில் எது என்று முடிவு செய்யுமுன், தீவின் இயல்பைச் சற்று ஆராய்ந்தோம். அதில் தெரிந்துகொண்டவை எந்தக் கரிபியன் தீவுக்கும் பொருந்தும்.

முதலில் காற்று. அங்கே ஆண்டு முழுவதும் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசுகிறது. ஆதலால் இத்தீவுகளின் கிழக்குக் கரையில் அட்லாந்திக் பெருங்கடல் ஓயாது மோதும்; மேற்குக் கரையோ மலைகளின் மறைவில் குளம்போல் அமைதியாயிருக்கும். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் வேறொன்றும் அறியாவிட்டாலும், போகும் கரை தீவுக்குக் கிழக்கா மேற்கா என்பதை மட்டும் கேட்டறிய வேண்டும். ஜுஹுக் கரையில் கடல் வெகுதூரம் உள்வாங்குவதையும் மீண்டும் ஏறி வருவதையும் கண்டு பழகிய நமக்கு இன்னொரு செய்தி வியப்பளிக்கும். கரிபியன் கடலில் ஏற்றவற்றம் மிகச் சிறிது. மார்த்தினீக்கில் ஒரு மீட்டர்கூட இராது.

அடுத்தது கடற்பாசி. சார்காசம் என்னும் பழுப்பு நிறப் பாசி 2011 ஆம் ஆண்டு முதல் திரள் திரளாகத் தீவுகளின் மேல் வந்து ஒதுங்குகிறது. காற்றும் நீரோட்டமும் கொண்டு வருவதால் கிழக்குக் கரைகளும் தென்கரைகளுமே அதிகம் பாதிக்கப்படுகின்றன. கரையில் கிடந்து அழுகும்போது அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு எழும். மூச்சுத் தொல்லை உடையோர்க்கு அது ஆகாது. பாசி எங்கே ஒதுங்கும் என்று பிரெஞ்சு வானிலைத் துறையினர் முன்னறிவிப்பு வெளியிடுகின்றனர். புறப்படுமுன் அதைப் பார்த்தல் நலம். படத்தில் பாசி இராது.

மரத்தையும் சொல்ல வேண்டும். கரையோரத்தில் மான்சினீல் என்றொரு மரம் வளர்கிறது. சிறிய பச்சை ஆப்பிளைப் போன்ற அதன் கனி நஞ்சு. அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழை பெய்யும்போது அதன் கீழ் ஒதுங்கினால் இலையில் வடியும் நீரே புண்ணாக்கும். மார்த்தினீக்கில் இம்மரங்களின் அடிப்பகுதியில் சிவப்பு வண்ணத்தால் பட்டை தீட்டி அடையாளம் இட்டிருக்கிறார்கள். நிழலைக் கண்டால் ஓடிப்போய்த் துண்டு விரிக்கும் வழக்கம் நம்முடையது. சிவப்புப் பட்டையைப் பற்றிப் பேரனுக்குப் பாடம்போல் ஒப்புவிக்கச் சொல்லிப் பழக்கினோம். அவன் பின்னர் எங்கள் எல்லோருக்கும் காவலனானான்.

கடைசியாகக் காலக் கணக்கு. லே சலீன் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தூரம் பெரிதன்று; ஆனால் அவ்வழி விமான நிலையம் உள்ள லமாந்தேன் ஊரைக் கடந்து செல்வது. அந்தச் சாலையின் நெரிசல் தீவு முழுவதும் பெயர் பெற்றது. மாலை நாலரை மணிக்குள் கப்பலேற வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட கட்டளை. இரண்டு மணி நேரம் கையிருப்பாக வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது, லே சலீனில் குளிப்பதற்கு எஞ்சிய நேரம் மிகவும் சொற்பம். மகள் அரைமனத்துடன் இணங்கினாள். ஆன்ஸ் மித்தான் வென்றுவிட்டது என்றே நினைத்தோம்.

அப்பொழுதுதான், அதுவரை வாய் திறவாதிருந்த அம்மா கேட்டார்: "அந்தக் காலத்தில் நம் ஆட்கள் இந்தத் தீவில் எந்தக் கரையில் இறங்கினார்கள், கண்ணு?"

அம்மா பிறந்தது காரைக்காலை அடுத்த ஒரு சிற்றூர். அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் தம்பி ஒருவர், பிரெஞ்சுக்காரர் கப்பலில் ஏறி 'மார்த்தனித் தீவுக்கு'க் கரும்பு வெட்டப் போனார் என்பது குடும்பத்தில் வழங்கி வந்த செய்தி. பெயர் தங்கவில்லை. 'கப்பல் ஏறினவர்' என்றே எல்லோரும் சொல்லி வந்தார்கள். கப்பலில் இடம் பதிவு செய்த நாள் தொட்டு அம்மா இதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் தீவுகளின் பட்டியலை மகள் வாசித்துக் காட்டியபோது ஒரு பெயரை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னது எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

வரலாறு தெரிந்ததே. 1848 இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றோரில் பலர் கரும்புத் தோட்டங்களை விட்டு அகன்றனர். தோட்ட முதலாளிகள் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். முதற் கப்பலின் பெயர் ஒரேலி. 1853 ஆம் ஆண்டு மே மாதம் அது மார்த்தினீக்கின் சேன் பியேர் துறையை அடைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேர் அத்தீவுக்குப் போனார்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டுதான். பலர் திரும்பவில்லை. தீவின் வடபகுதியில் அவர்கள் எழுப்பிய கோயில்கள் இன்றும் உள்ளன. மாரியம்மனை மலியேமின் என்றும், மதுரை வீரனை மல்தேவிலின் என்றும் அவர்கள் வழித்தோன்றல்கள் வணங்குகிறார்கள். மொழி மறைந்துபோன பிறகும் தெய்வங்களின் பெயர் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மகள் இவற்றையெல்லாம் படித்துச் சொன்னாள். மாப்பிள்ளை மெல்லக் குறுக்கிட்டார்: "பாட்டி, பிற்காலத்துக் கப்பல்கள் ஃபோர்-த-பிரான்சிலும் நின்றிருக்கின்றன. உங்கள் தாத்தா, நம் கப்பல் நிற்கிற இடத்திலேயே இறங்கியிருக்கலாம்."

"இருக்கட்டும் தம்பி. முதலில் வந்தவர்கள் இறங்கிய இடத்தைப் பார்த்துவிட்டால் போதும்" என்றார் அம்மா.

பாசத்துக்காக மட்டும் கரையை மாற்றுவதாயிருந்தால் மாப்பிள்ளை உடன்பட்டிருக்க மாட்டார். சேன் பியேரையும் எங்கள் அளவுகோல்களால் அளந்தோம். மேற்குக் கரை, ஆகவே அலை இல்லை. பாசித் தொல்லை அரிது. தூரம் முப்பது கிலோமீட்டர். விமான நிலையச் சாலையைத் தொடாமல், கடலோரமாகவே ஷெல்ஷேர், காஸ் பிலோத், பெல்ஃபோந்தேன், லெ கார்பே என்னும் ஊர்கள் வழியாகச் செல்லலாம். குறைகளும் உண்டு. மணல் வெண்மணலன்று, எரிமலை உமிழ்ந்த கருமணல். வெயிலில் அது விரைந்து சுடும். கரையிலிருந்து சில அடி போனதுமே நீர் ஆழமாகிவிடும். பேரனைக் கைப்பிடியில் வைத்துக்கொள்வது, அனைவரும் செருப்புடன் நீர்வரை நடப்பது என்று நிபந்தனைகள் விதித்துக்கொண்டு சேன் பியேருக்கே முடிவு செய்தோம்.

வண்டி பேசும்போது ஒரு விதியைக் கடைப்பிடித்தோம். போக, காத்திருக்க, திரும்ப என மூன்றுக்கும் சேர்த்து ஒரே தொகை. அதை யூரோவில், ஏறுமுன்பே முடிவு செய்வது. முழுப் பணத்தையும் திரும்பி வந்த பின்னரே கொடுப்பது. அங்கே பிரெஞ்சும் கிரியோலும்தான் பேசுகிறார்கள். தொகையையும் புறப்படும் நேரத்தையும் காகிதத்தில் எழுதிக் காட்டினோம். இன்னொன்று: மார்த்தினீக் பிரான்சின் ஒரு பகுதியேயாயினும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்கியதன்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் அத்தீவுக்குரிய அனுமதி பற்றி முன்கூட்டியே தனியாக விசாரித்தல் வேண்டும்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் சேன் பியேரை அடைந்தோம். ஊருக்குப் பின்னே பெலே மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. 1902 ஆம் ஆண்டு மே 8 ஆம் நாள் காலை அம்மலை வெடித்துச் சில நிமிடங்களில் நகரத்தை எரித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். துறையில் நின்ற கப்பல்கள் எரிந்து மூழ்கின. அவை இன்றும் அவ்விரிகுடாவின் அடியில் கிடக்கின்றன. 2023 இல் அம்மலையையும் வடபகுதிச் சிகரங்களையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இப்போது அது சிறிய, சாந்தமான ஊர். நாங்கள் சென்ற பொழுது கரையில் எங்களையன்றிப் பத்துப் பேர்கூட இல்லை.

அம்மாவை இருபுறமும் தாங்கி நீருக்கு அழைத்துச் சென்றோம். முழங்கால் அளவு நீரில் நின்றார். அலை இல்லாத கடலைக் கண்டு, "இது என்ன, ஏரி மாதிரி இருக்கிறதே" என்றார். பிறகு பேசவில்லை. கை குவித்துக் கும்பிடுவார் என்று எதிர்பார்த்தோம், கும்பிடவில்லை. ஊரையும் மலையையும் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வந்து இறங்கியவர்கள் பார்த்திருக்கக்கூடிய திசை அது. சற்று நேரம் கழித்து, "ஐந்து வருஷம் என்றுதானே சொல்லி அழைத்து வந்தார்கள்?" என்று கேட்டார். ஆமென்றோம். நாங்களும் மும்பைக்கு வந்தபோது ஐந்து வருஷம் என்றுதான் ஊரில் சொல்லிவிட்டு வந்தோம்; நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. இரண்டையும் ஒப்பிடுவது தகாது. எங்களுக்கு ரயில் இருந்தது, விடுமுறை இருந்தது, கடிதம் இருந்தது. ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின் எங்களில் ஒருவரும் சற்று நேரம் பேசவில்லை.

பேரன் கருமணலில் கோட்டை கட்டினான். ஒரு புட்டியில் மணல் அள்ளி வைத்துக்கொண்டான். பிரெஞ்சுச் சட்டப்படி கடற்கரை மணலை எடுத்துச் செல்லுதல் குற்றம் என்று அவனுக்கு விளக்கி, கொட்டச் செய்வதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உச்சிப் பொழுதில் கரையோரக் கடை ஒன்றில் 'கொலம்போ' என்ற உணவு கிடைத்தது. பெயர் இலங்கையை நினைவூட்டினாலும் பண்டம் நம்முடையது. கொத்துமல்லி, மஞ்சள், சீரகம், கடுகு முதலியவற்றை அரைத்த பொடியில் கோழியைச் சமைத்துச் சோற்றுடன் தருகிறார்கள். ஒப்பந்தக் கூலிகள் கொண்டு வந்த குழம்பு இன்று அத்தீவின் தேசிய உணவு போலாகிவிட்டது. அம்மா ஒரு கவளம் உண்டு பார்த்தார். "பொடியெல்லாம் சரிதான். மிளகாயைத்தான் மறந்துவிட்டார்கள்" என்றார். தட்டை மிச்சமின்றி முடித்தார்.

ஒரு மணிக்குப் புறப்பட்டு இரண்டே காலுக்குக் கப்பலடிக்கு வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளையின் கையிருப்பு நேரம் அப்படியே எஞ்சியிருந்தது. மறுநாள் கப்பல் பார்படோசில் நிற்பதாயிருந்தது. அங்கே எந்தக் கரைக்குப் போவது என்று இரவு உணவின்போது மறுபடியும் பேச்செழுந்தது. மகள் படங்களைக் காட்டத் தொடங்குமுன்பே அம்மா கேட்டார்: "அது கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா?"